பத்தடி தள்ளி: ஒரு தோட்டப்பட்டணமும் சட்டைப்பைச் சாம்பல் டப்பாவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம் உள்ளே வந்தால் எங்கள் பட்டணம். பட்டணம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். எதிரெதிராக இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு பஸ் நிறுத்தம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சுற்றிலும் தோட்டம். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை, எண்ணெய்ப் பனை. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். இருமிக்கொண்டு வருகிறவர்களிடம் "சிகரெட்டை விட்டுடுங்கண்ணே" என்று சொல்லியே தொண்டை காய்ந்தவன். அப்படிப்பட்ட ஆள் புகைக்கிறவர்களுக்குச் சாம்பல் டப்பா செய்து கொடுத்த கதை இது. என் வீட்டம்மாவுக்கு இன்றுவரை இதில் உடன்பாடு இல்லை.

செய்தது சின்ன வேலை. கடைவரிசைக்கு முன்னால் ஓடும் கால்வாயில், எங்கள் வழக்கில் லோங்காங்கில், விழுகிற சிகரெட் துண்டுகளைக் குறைக்க முடியுமா என்று பார்த்தோம். 2025 சீனப் பெருநாள் கழிந்து தொடங்கி 2026 தைப்பூசம் வரை. என்னோடு நான்கு பேர்: சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா, லோரி ஓட்டும் தம்பி, தோட்டத்து மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மண்டோரும் லோரித் தம்பியும் புகைப்பவர்கள். அவர்கள் இருவரும் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒரு பதாகை கட்டி, படம் எடுத்து, கலைந்திருப்போம்.

துண்டு ஏன் கால்வாய்க்குப் போனது

அக்கா கடையில் முன்பெல்லாம் மேசைக்கு ஒரு சாம்பல் தட்டு இருக்கும். மீன் டின்னின் அடிப்பாகமோ, மைலோ டின் மூடியோ, ஏதோ ஒன்று. தே தாரேக் குடித்து முடித்ததும் துண்டு அதில் நசுங்கும். பையன் மேசை துடைக்கும்போது அதையும் கொட்டுவான். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் துண்டு தெருவுக்கு வரவில்லை.

2019 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. கூரை இருந்தாலும் சரி, திறந்தவெளியானாலும் சரி. முதல் ஒரு வருடம் எச்சரித்து விட்டார்கள், 2020 தொடக்கத்திலிருந்து அபராதம். புகைக்க வேண்டுமென்றால் கடையிலிருந்து 3 மீட்டர், அதாவது பத்தடி, தள்ளிப் போக வேண்டும். 2024 அக்டோபர் 1 இல் புகைப் பொருள்களுக்கென்றே 852 ஆம் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் கடைகளில் தடை தொடர்கிறது. டிரெசராக எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து மற்றவர் புகையை விழுங்கிய அக்காவுக்கு அது கடவுள் கொடுத்த வரம்.

ஆனால் எங்கள் ஊரில் கடையிலிருந்து பத்தடி என்றால் எங்கே வரும்? ஐந்தடிப் பாதை முடிந்து, மோட்டார் நிறுத்தும் இடம் தாண்டினால், நேராகக் கால்வாய் விளிம்பு. ஊரிலுள்ள மூன்று சாப்பாட்டுக் கடைக்கும் அதே கணக்குத்தான். ஆள் பத்தடி தள்ளிப் போனார், சாம்பல் தட்டு கூடப் போகவில்லை. போகவும் முடியாது. கடைக்காரர் சாம்பல் தட்டு வைத்தால் புகைக்க வசதி செய்து கொடுத்த குற்றம் அவர்மேல் வரும். ஆக, கையில் எரிந்து முடிந்த துண்டோடு ஒரு மனிதர் கால்வாய் விளிம்பில் நிற்கிறார். அவர் வேறு என்ன செய்வார்? சுண்டி விடுகிறார். அந்தச் சுண்டலில் ஒரு ஸ்டைல்கூட உண்டு.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கடை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். அதுவரை 'நம் ஆட்களுக்குப் பொறுப்பில்லை' என்றே நினைத்திருந்தேன். பார்த்த பிறகு பாதி பழியை இடத்தின்மேல் போட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பெட்டியாக வாங்குகிறவர்கள் சிலர் துண்டைக் காலிப் பெட்டிக்குள்ளேயே திணித்து வைத்துக்கொள்கிறார்கள். சில்லறையாக ஒன்று இரண்டு வாங்குகிறவருக்கு அந்த வழியும் கிடையாது. சில்லறையாக விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் எங்கோ யாரோ விற்கிறார்கள், மாதக் கடைசியில் எங்கோ யாரோ வாங்குகிறார்கள். அந்தத் துண்டுகள்தான் கால்வாயில் அதிகம் என்பது என் ஊகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பஞ்சு இல்லை, பிளாஸ்டிக்

எங்கள் தாத்தாக்கள் சுருட்டும் பீடியும் பிடித்தார்கள். எறிந்த துண்டு இரண்டு மழைக்கு மண்ணோடு மண்ணானது. அதைப் பார்த்து வளர்ந்த பழக்கம்தான் கையில் இருக்கிறது, ஆனால் கையில் இருக்கும் பொருள் மாறிவிட்டது. சிகரெட்டின் பின்பக்கத்தை எல்லாரும் பஞ்சு என்கிறோம். அது பஞ்சு இல்லை. செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை, ஒரு துண்டில் ஏறத்தாழ 12,000 இழைகள். மக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், பொடிப்பொடியாக உதிரும். உலகம் முழுக்க ஆண்டுக்கு 4.5 லட்சம் கோடித் துண்டுகள் இப்படி வீசப்படுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுரையீரலைக் காப்பாற்றும் என்று நம்பவைத்து 1950களில் பரவலாக விற்றார்கள். அது எதையும் காப்பாற்றவில்லை என்பது டிரெசர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு உறைத்தது வேறு இரண்டு ஆய்வுகள். ஒன்று, 2011 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் செய்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் புகைத்த துண்டு ஒன்றை ஊறவைத்து அதில் மீன் விட்டால், நான்கு நாளில் பாதி மீன் செத்துப் போகிறது. இரண்டாவது பெர்லினில், 2014 இல். மழைநீர் பட்ட அரை மணி நேரத்துக்குள்ளேயே துண்டிலிருக்கும் நிகோட்டினில் பாதி கரைந்து போய்விடுகிறது.

இந்த இரண்டாவதுதான் எங்கள் வேலையின் போக்கை முடிவு செய்தது. ஈப்போ பக்கத்து மழை தெரியுமல்லவா? மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நாலு மணிக்குக் கால்வாய் நிரம்பி ஓடும், கடைசியில் எல்லாம் பேராக் ஆற்றுக்குப் போய்ச் சேரும். துப்புரவுத் தொழிலாளர் மறுநாள் காலை வந்து பொறுக்குவது ஊறி முடித்த சக்கையை. ஆகவே கீழே விழுந்த பிறகு பொறுக்குவதில் பாதிப் பயன்தான். விழாமல் இருக்க வேண்டும். அதற்குச் சாம்பல் தட்டு ஆளோடு நடக்க வேண்டும்.

ஜப்பானில் இது பழைய சமாசாரம். சட்டைப்பையில் வைக்கிற சின்னச் சாம்பல் பை அங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். தோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002 இல் தெருவில் நடந்துகொண்டே புகைப்பதற்கு அபராதம் போடத் தொடங்கியது. கையில் சாம்பல் பை வைத்திருப்பது மரியாதை என்று சிகரெட் கம்பெனியே விளம்பரம் செய்தது. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று டப்பாக்கள்

முதலில் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பைகளை வாங்கினோம். வெளியே ரப்பர் மாதிரி, உள்ளே வெள்ளிக் காகிதம், மேலே ஒரு அழுத்துப் பொத்தான். இரண்டே வாரத்தில் குறைகள் வரிசை கட்டி வந்தன. வெள்ளிக் காகிதம் கிழிந்தது. நாற்றம் வெளியே வந்தது. துண்டை அணைக்காமலே உள்ளே போட்டு மூடலாம், காற்றில்லாமல் அதுவே அணைந்துவிடும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது. லோரித் தம்பி அதை நம்பினார். பொத்தான் சரியாக மூடவில்லை, கால்சட்டைப் பையில் ஒரு ஓட்டை. "அண்ணே, நல்லவேளை பின்பக்கம்" என்றார். அந்தக் கால்சட்டைக்குக் காசு கொடுத்தது நான்தான்.

இரண்டாவது முயற்சி லண்டனைப் பார்த்துச் செய்தது. அங்கே வில்லியர்ஸ் தெருவில் 2015 இல் ஹப்பப் என்ற அமைப்பு ஒரு வாக்குப் பெட்டி வைத்தது. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் ரொனால்டோவா மெஸ்ஸியா? பதிலைத் துண்டால் போட வேண்டும். கண்ணாடி வழியாக எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும். நாங்கள் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று எழுதி, இரண்டு பெரிய பிஸ்கட் போத்தலைப் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் கட்டினோம். ஊரே சிரித்தது. துண்டு சேர்ந்ததும் உண்மை. எம்.ஜி.ஆர் எளிதாக ஜெயித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு காரணத்தால் அதைக் கழற்றினோம். போத்தல் பிளாஸ்டிக். யாரோ அணைக்காமல் போட்டதில் சிவாஜி பக்கம் உருகி வழிந்தது. அது என் முட்டாள்தனம், தகரத்தில் செய்திருக்க வேண்டும். இரண்டாவது காரணம்தான் பெரியது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அங்கே நின்று யார் முன்னால் இருக்கிறார் என்று எண்ணத் தொடங்கினார்கள். ஆசிரியை நேராக வந்து, "சார், நாலாம் வகுப்புப் பையன் 'நான் பெரியவனானா சிவாஜிக்குப் போடுவேன்'னு சொல்றான்" என்றார். அன்று மாலையே கழற்றிவிட்டேன். லண்டனில் பலித்தது பலிக்கட்டும். பள்ளிக்கூடத்து வாசலில் புகைப்பதை விளையாட்டாக்குகிற எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் நின்றது. எக்லிப்ஸ் மிட்டாய் விற்கிற சின்னத் தகர டப்பா, சட்டைப்பைக்குச் சரியான அளவு. உள்ளே சமையலறை வெள்ளிக் காகிதத்தை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் ஆப்ப சோடா ஒரு கரண்டி. சோடா நாற்றத்தை இழுத்துக்கொள்ளும், துண்டைக் குத்தி அணைக்கவும் மணல் போல உதவும். மூடியின் உள்பக்கத்தில் நசுக்கி, பிறகு உள்ளே போட வேண்டும், எரிய எரிய மூடக் கூடாது. இதை ஒவ்வொருவரிடமும் நேரில் செய்து காட்டினோம். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் கால்வாயில் துண்டோடு அந்தக் காகிதமும் கிடந்திருக்கும்.

டப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'துண்டு டின்'. நான் வைத்த பெயர் வேறு, அதை யாரும் மதிக்கவில்லை.

எங்கே கொட்டுவது

துண்டு டின் கொடுத்த முதல் வாரம் எனக்கு நல்ல மகிழ்ச்சி. மண்டோர் அக்கா கடையில் எல்லாருக்கும் திறந்து காட்டுகிறார், இளவட்டங்கள் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாவது வாரம், தே குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து போய், நிரம்பிய டின்னைத் திறந்து, கால்வாய்மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டுப் பத்துத் துண்டு, சோடாவோடு சேர்த்து. "காலி பண்ணிட்டேன் டிரெசரே, நல்ல சாமான்" என்று பாராட்டு வேறு.

கோபப்படவில்லை. அவர்மேல் தப்பில்லை. நாங்கள் துண்டு போகும் பாதையைச் சட்டைப்பைவரைதான் யோசித்திருந்தோம். சாம்பல் தட்டை மேசையிலிருந்து எடுத்தபோது சட்டம் செய்த அதே தவறை நாங்களும் செய்திருந்தோம். தட்டை மட்டும் யோசித்தோம், அதைக் கொட்டுகிற பையனை யோசிக்கவில்லை.

அமெரிக்காவில் கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல் என்ற அமைப்பு 2009 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாம்பல் தொட்டி ஒன்று கூடும்போதெல்லாம் துண்டு வீசுவது 9 விழுக்காடு குறைகிறது என்றார்கள். எங்கள் விஷயத்தில் தொட்டியும் டப்பாவும் போட்டியில்லை, ஜோடி. டப்பாவுக்குப் பின்னால் ஒரு தொட்டி வேண்டும்.

உள்ளூராட்சி மன்றத்தில் கேட்டுக் கம்பம் நட்டு வைக்கிற தொட்டி எப்போது வருமோ. மழை விழுந்து தண்ணீர் நின்றால் அது வேறு தலைவலி. நின்ற தண்ணீர் என்றாலே இங்கே டிங்கிப் பயம், கொசு வளர்த்ததற்கு அபராதமும் வரும். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிகரெட் துண்டு ஊறிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஆர்வமாக முட்டையிடும், ஆனால் புழுக்கள் செத்துப் போகும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை நான் வாய்தவறி அக்கா கடையில் சொல்லிவிட்டேன். "அப்புறம் என்ன டிரெசரே, நாங்க இத்தனை நாளா டிங்கிய ஒழிச்சுக்கிட்டுதானே இருந்தோம்!" என்று ஒரே கூத்து. அதே தண்ணீரில் மீனும் சாகும் என்று சொல்வதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

கடைசியில் வழி சொன்னது மோட்டார் பட்டறைக்காரர். "கேஸ் தோங் (சிலிண்டர்) எப்படி மாத்துறோம்? காலித் தோங்கக் கொடுத்துட்டு நிறைஞ்சத வாங்குறோம். இதுல நிறைஞ்சதக் கொடுத்துட்டுக் காலிய வாங்கிக்க வேண்டியதுதான்." அவ்வளவுதான் விஷயம். பட்டறை ஓரத்தில் ஒரு மூடிபோட்ட சாய டின்னும், பக்கத்தில் சுத்தமான துண்டு டின்கள் அடுக்கிய தட்டும் வைத்தோம். நிரம்பியதைச் சாய டின்னில் கொட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும், புதிதாக வெள்ளிக் காகிதம் போட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பட்டறை, கடைவரிசைக்கும் தோட்டத்துப் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. மோட்டாருக்குக் காற்றடிக்க எப்படியும் எல்லாரும் அங்கே நிற்பார்கள்.

பழைய டின்னைக் கழுவி, காகிதம் மாற்றி, சோடா போடுவது யார்? பட்டியல் போட்டு முறை வைத்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து பட்டியலில் ஒரே பெயர், என்னுடையது. கையுறை போட்டுக்கொண்டு வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து செய்கிறேன். வீட்டம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார். சேர்ந்த துண்டுகளைப் பையில் இறுகக் கட்டி மன்றத்துக் குப்பை லோரியில்தான் போடுகிறோம். மறுசுழற்சி என்று பெரிதாகச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை, குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. ஆற்றைவிட அது மேல்.

அளந்த விதம்

ஒவ்வொரு துண்டாக எண்ணவில்லை. ஞாயிறு காலை, துப்புரவு லோரி வராத நாளில், மூன்று கடைக்கு முன்னாலுள்ள அதே கால்வாய் விளிம்பில் இடுக்கியால் பொறுக்கி, ஒரு பெரிய மைலோ டின்னில் போட்டு, எதுவரை நிற்கிறது என்று உள்பக்கம் கோடு போட்டோம். தொடங்கும்போது டின் விளிம்புவரை நிறைந்தது, சில வாரம் வழிந்தது. டின் மாற்று முறை வந்த பிறகு பெரும்பாலான ஞாயிறுகளில் பாதிக்கு மேல் ஏறவில்லை. அது சந்தோஷம்தான், ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

மழை. அக்டோபர், நவம்பரில் சனிக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீர்த்தால் ஞாயிறு காலை விளிம்பு பளிச்சென்று இருக்கும். அது எங்கள் சாதனை இல்லை, மழையின் சாதனை. அந்த வாரங்களுக்குக் கோடு போடுவதையே நிறுத்தினோம்.

சம்பளம். மாதத்தின் முதல் வாரம் சம்பளம் வந்ததும் துண்டு ஏறும், கடைசி வாரம் இறங்கும். கடைசி வாரத்தில் ஒரு சிகரெட்டை இருவர் இழுப்பார்கள், துண்டும் குட்டையாக இருக்கும். இதைக் கவனிக்காமல் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் ஒப்பிட்டு நான் ஒருமுறை துள்ளிக் குதித்தேன். மண்டோர்தான் "சம்பளம் போட்டு எத்தன நாளாச்சு, அதப் பாருங்க" என்று என்னை உட்கார வைத்தார்.

சட்டம். 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அதோடு 12 மணி நேரம் வரை சமூகச் சேவை என்று வந்துவிட்டது. சிகரெட் துண்டும் குப்பைதான். மேலங்கி மாட்டிக்கொண்டு ஊரார் பார்க்கத் தெருக்கூட்ட வேண்டும் என்ற செய்தி பரவியதும் ஜனவரியில் டின் கேட்டு வந்தவர்கள் அதிகம். அபராதத்தைவிட அந்தத் துடைப்பம்தான் பயமுறுத்தியது. ஆகவே ஜனவரிக் குறைவை எங்கள் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் பயந்து வந்தவருக்குக் கையில் கொடுக்க டின் தயாராக இருந்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

இளையவர்கள் வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறுவதும் உண்டு. அந்தக் காலிக் குப்பிகள் இப்போது கால்வாயில் தனியாகக் கிடக்கின்றன. அது இன்னொரு கதை.

யாருக்கு வேலை செய்தது, யாருக்கு இல்லை

நாற்பது தாண்டியவர்கள், குடும்பக்காரர்கள், மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள் ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். இவர்களுக்குக் கால்வாயில் எறிவதில் ஏற்கெனவே கொஞ்சம் கூச்சம் இருந்தது, டின் அந்தக் கூச்சத்துக்கு ஒரு வழி கொடுத்தது. இரவு பத்து மணிக்கு மேல் கால்பந்து பார்க்க உட்காரும் கூட்டத்துக்கு இது துளியும் ஏறவில்லை. டின் வாங்கிப் போனவர்களில் சிலர் அதில் சில்லறைக் காசு வைத்திருக்கிறார்கள். ஒருவர் மீன் தூண்டில் முள் வைத்திருக்கிறார். நல்ல டப்பாதான்.

நான் முற்றிலும் மறந்திருந்தவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்தில் இப்போது குலை வெட்டுவதில் பெரும் பங்கு வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும்தான். கால்வாயில் பொறுக்கியபோது கிராம்பு வாசனை வரும் கிரெத்தெக் துண்டுகள் நிறைய வந்தன, அதைப் பார்த்துத்தான் எனக்கே புத்தி வந்தது. 'நம்ம ஆட்கள்' என்று தமிழில் பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கால்வாய் விட்டுப் போய்விடும். மண்டோர் மலாயில் பேசி நான்கு பேரிடம் கொடுத்தார். அவர்கள் எங்களைவிட ஒழுங்கு. குடியிருப்பில் எல்லாருக்குமாக ஒரு டின் வைத்து, அவர்களே முறைபோட்டுப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். என் பட்டியல் தோற்ற இடத்தில் அவர்கள் பட்டியல் நிற்கிறது.

தோட்ட நிர்வாகத்திடம் போனதும் பாடம்தான். பால்மரம் இலை உதிர்க்கும் காலத்தில் சருகு காய்ந்து கிடக்கும், தீப்பிடிக்க ஒரு துண்டு போதும். மிச்சமிருக்கும் பால்மரப் பகுதியைக் காட்டி, வேலைக்குப் போகிறவர்களுக்கு டின் கொடுக்கலாமா என்று கேட்டேன். காட்டுக்குள் புகைக்கவே கூடாது என்பது விதி, டின் கொடுத்தால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார்கள். விதி சரிதான். ஆனால் காட்டுக்குள் புகைக்கிறார்கள் என்பதும், துண்டைச் செம்பனை மட்டை இடுக்கில் செருகி வைக்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நான் விவாதம் செய்யவில்லை.

கோயில் பாட்டி ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை: "எங்க வெத்தல எச்சிக்கு என்னா டின்னு குடுப்ப?"

என் உறுத்தல்

ஜப்பானியக் கம்பெனி விளம்பரத்தைச் சொன்னேன் அல்லவா. சாம்பல் டப்பாவை முன்னிறுத்துவதில் சிகரெட் விற்கிறவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. குப்பை என்பது விற்றவன் பிரச்சினை இல்லை, எறிந்தவன் பிரச்சினை என்று ஆகிவிடும். வேறு சில இடங்களில் அந்தச் செலவை விற்பவர்மேல் போடுகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 2009 இல் பெட்டிக்கு 20 சென்ட் துப்புரவுக் கட்டணம் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 சட்டத்தில், வடிகட்டியுள்ள சிகரெட் தயாரிப்பவர் துண்டு பொறுக்கும் செலவை ஏற்க வேண்டும் என்றது. எங்கள் ஊரில் அந்தச் செலவை ஏற்றது ஆப்ப சோடா வாங்கிய நான்.

ஆகவே ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம்: எந்தச் சிகரெட் பெயரும் டின்னில் வரக் கூடாது, அந்த வழியில் வரும் காசும் வேண்டாம். மூடியின் உள்ளே புகைப்பதை விட உதவும் அரசாங்கக் கிளினிக்கின் எம்குவிட் சேவையைப் பற்றி ஒரு சின்ன ஒட்டுத்தாள். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்து ஒருவர்.

அந்த ஒருவர் லோரித் தம்பி. ஒட்டுத்தாளைப் பார்த்து இல்லை. முன்பு எறிந்துகொண்டே போனபோது ஒரு நாளைக்கு எத்தனை என்று அவருக்குத் தெரியாது. டின்னுக்குள் சேர்ந்ததும், பினாங்கு போய் வருவதற்குள் இரண்டு தடவை நிரம்பியது. "நம்மளதா இது எல்லாம்?" என்று காட்டினார். ஈப்போவில் கிளினிக்குக்கு மூன்று முறை போனார், இரண்டு மாதம் விட்டார், தைப்பூசத்துக்கு முன் மறுபடி தொடங்கினார். இப்போது ஒரு நாளைக்கு ஒரு டின்.

இப்போதைய தட்டுப்பாடு டின்தான். நாற்பது சொச்சம் வெளியே இருக்கின்றன, பட்டறைத் தட்டில் மாற்றுக்கு மூன்றே மூன்று. ஊரில் யாரும் அவ்வளவு மிட்டாய் தின்பதில்லை, அக்கா மட்டும் எங்களுக்காகத் தின்று பல்வலி வாங்கிக்கொண்டார். நெடுஞ்சாலை ஓய்விடக் கடைகளில் காலி டப்பாக்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் லோரித் தம்பி. அடுத்த நடை வெள்ளிக்கிழமை. சோடா ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன்.